லாச்சிக்குள் இருக்கும் தலையிடி

வவுனியா மாவட்டத்துப் புளியங்குளத்தில் என் சின்னம்மா வீட்டு மேசை லாச்சியை இழுத்தால் முதலில் கையில் படுவது ஒரு பனடோல் மட்டை. அதன் கீழே கரண்ட் பில், அதற்குக் கீழே காணி உறுதியின் போட்டோப்பிரதி, அடியில் இன்னொரு பனடோல் மட்டை. மேலே கிடக்கும் மட்டையில் எத்தனை குளிசை மிச்சம் என்று சின்னம்மாவுக்கு எந்நேரமும் தெரியும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் சந்திக் கடைக்கு ஆள் போகும். ஆனால் மாதத்தில் எத்தனை மட்டை முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கெங்க தம்பி, அடிக்கடி போடுறனோ? ஏலாத நேரம் மட்டும் ஒண்டு போடுவன்" என்பார்.

அந்த ஏலாத நேரம் மாதத்தில் எத்தனை நாள் வருகிறது என்பதுதான் விஷயமே.

அவர் வீட்டுச் சுவரில் கடைக்காரர் வருடப்பிறப்புக்குக் கொடுத்த கலண்டர் ஒன்று தொங்குகிறது. பால் கணக்கை அதில்தான் பென்சிலால் எழுதி வைப்பார். ஒரு நவம்பர் மாதம், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே தலையிடி வந்த நாளுக்கு ஒரு புள்ளியும், போட்ட ஒவ்வொரு குளிசைக்கும் ஒரு கோடும் வைக்கச் சொன்னேன். மாத முடிவில் எண்ணினோம். 30 நாளில் 23 புள்ளி. கோடு 51. சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். "இது பிழை. ஆரோ சின்னப் பிள்ளையள் கீறிப்போட்டுதுகள்" என்றார். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி வந்து, அது மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால், அதை நாட்பட்ட தினசரித் தலையிடி என்கிறார்கள். பெயரில் தினசரி என்று இருந்தாலும் ஒவ்வொரு நாளும் வரவேண்டும் என்றில்லை. இது ஒரு வருத்தத்தின் பெயருமல்ல. காய்ச்சல் என்று சொன்னால் அது டெங்கா, எலிக்காய்ச்சலா, வெறும் தடிமனா என்று எப்படித் தெரியாதோ, அப்படித்தான் இதுவும். வாசல் ஒன்று, உள்ளே அறைகள் பல. உலகில் வளர்ந்தவர்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இந்த வாசலுக்குள் நிற்கிறார்கள், அதில் பெண்கள்தான் கூட. வவுனியாவிலிருந்து நிறைந்து வரும் ஒரு பஸ்ஸில் இரண்டு பேராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அறைகளைப் பிரித்தறிய நம் தமிழே பாதி உதவி செய்கிறது. தமிழ்நாட்டில் தலைவலி என்பார்கள். நாங்கள் தலையிடி என்கிறோம். இடி என்றால் நாடித்துடிப்போடு சேர்ந்து உள்ளிருந்து இடிப்பது. தலைப்பாரம் என்பது வேறு, அதில் துடிப்பு இல்லை, மேலே எதையோ ஏற்றி வைத்த அழுத்தம்தான். தலைக்குத்து, கபாலக்குத்து, ஒற்றைத் தலையிடி, சித்த வைத்தியர்கள் சொல்லும் சூரியாவர்த்தம், அதாவது வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்குவது, இவையெல்லாம் வேறுவேறு அனுபவங்களுக்கு யாரோ கவனித்து வைத்த பெயர்கள். நல்ல வைத்தியர் ஒருவர் "இடிக்குதோ, பாரமோ, குத்துதோ?" என்று கேட்பது உபசாரத்துக்கல்ல. அந்த மூன்று வார்த்தைகளில் எதை நாம் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி நோயறிதல் நடந்துவிடும்.

முதலில் வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்போம். மூளையிலிருந்து அல்ல. மூளைக்கு வலி தெரியாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் சத்திரசிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். வலியை உணர்வது மூளையைச் சுற்றியுள்ள உறை, அதில் ஓடும் இரத்தக்குழாய்கள், மண்டைத்தோல், நெற்றியிலும் பிடரியிலும் உள்ள தசைகள். நெற்றி, கண், தாடை, மூளையுறை ஆகியவற்றின் வலிச் செய்தியை முக்கிளை நரம்பு என்ற பெரிய நரம்பு சுமந்து வருகிறது. கழுத்தின் மேல் பகுதி நரம்புகளும் அதே செய்தியிடத்துக்கே வந்து சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் ஒரே இடத்தில் கலந்தால் எந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலுடையது என்று பிறகு சொல்ல முடியாதல்லவா? பிடரி பிடித்துக்கொண்டால் கண்ணுக்குப் பின்னால் வலிப்பதும், ஒற்றைத் தலையிடி எனப்படும் மைகிரேன் வரும்போது கழுத்து இறுகுவதும் இந்தக் கலப்பால்தான்.

ஒரு காலத்தில் மைகிரேனை இரத்தக்குழாய் விரிவதால் வரும் வலி என்றுதான் படிப்பித்தார்கள். கதை அவ்வளவு எளிதல்ல என்று பிறகு தெரிந்தது. 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் ஊர்ந்து செல்லும் ஓர் அலையைப் பதிவு செய்தார். சிலருக்குத் தலையிடிக்கு முன் கண்ணில் மினுங்கிக்கொண்டு நகரும் கோடுகள் தெரியும். அந்த அலை ஊரும் தடம்தான் அது. 1990இல் பீற்றர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் மைகிரேன் வந்திருந்த நோயாளிகளின் கழுத்து நாளத்து இரத்தத்தைச் சோதித்து, அதில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு கூடியிருப்பதைக் காட்டினார்கள். முக்கிளை நரம்பின் நுனிகள் வெளியிடும் சரக்கு அது. இந்தப் பாதையைத் தொடர்ந்து போன நால்வருக்கு, அதில் இவர்கள் இருவரும் அடக்கம், 2021இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க்கின் உயர்ந்த பரிசு கிடைத்தது. அந்தத் துணுக்கைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் மேற்கு நாடுகளில் வந்துவிட்டன. விலையைக் கேட்டால் அதற்கே ஒரு தலையிடி வரும், ஆகவே அதை இப்போதைக்கு அங்கேயே விடுவோம்.

எங்கள் ஊருக்குக் கூடப் பொருந்துவது இன்னொரு விளக்கம். குளத்துக்குத் துருசு இருப்பது போல வலிக்கும் துருசு உண்டு. மூளைத்தண்டில் இருக்கும் சில நரம்புக் கூட்டங்கள், கீழிருந்து வரும் வலிச் செய்திகளில் எதை மேலே விடுவது, எதை மறிப்பது என்று கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. தலையை வாரும்போது சீப்பு படுவது நமக்கு வலியாகத் தெரியாததற்கு இந்தக் கதவு ஒழுங்காக மூடியிருப்பதே காரணம். ஓயாமல் வலி வந்துகொண்டிருந்தால் இந்தத் துருசு மெல்ல மெல்லத் தளர்ந்து திறந்தபடியே நின்றுவிடுகிறது. நரம்புகளும் சிறு தூண்டலுக்கே கூச்சல் போடப் பழகிவிடுகின்றன. பிறகு தலை வாரினாலே நோகும், தலையணை பட்டாலே நோகும். இடைக்கிடை வந்த தலையிடி தினசரித் தலையிடியாக மாறும் கதையின் நடு முடிச்சு இதுதான். இடைக்கிடை மைகிரேன் வருபவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இப்படி நாட்பட்ட நிலைக்கு நகர்கிறார்கள். தூக்கக் குறைவு, குறட்டை, உடற்பருமன், தலையில் பட்ட அடி, பெரிய இழப்புகள், அளவுக்கு மீறிய கபேன், அடிக்கடி போடும் வலிக்குளிசை, இவையெல்லாம் அந்த நகர்வை வேகப்படுத்துபவை.

இனி அறைகளுக்குள் போவோம்.

சின்னம்மா தன் தலையிடிக்கு வைத்திருந்த பெயர் பீனிசம், அதாவது சைனஸ். "மூக்கடைக்குது, கண்ணால தண்ணி வருது, கன்னத்துக்குள்ள நோகுது, உது பீனிசமில்லாம வேறென்ன?" இந்த நம்பிக்கை புளியங்குளத்துக்கு மட்டும் சொந்தமல்ல. 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தங்களுக்குச் சைனஸ் தலையிடி என்று நம்பிய, அல்லது வைத்தியரே அப்படிச் சொல்லியிருந்த ஏறத்தாழ 3,000 பேரை வரிசையாகச் சோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதமானோருக்கு இருந்தது மைகிரேன் வகைத் தலையிடி. முக்கிளை நரம்பு கிளர்ந்தெழும்போது மூக்குச் சவ்வுக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் போகும் நரம்புகளையும் சேர்த்துத் தட்டி எழுப்புகிறது, அதனால் மூக்கடைக்கும், கண் கலங்கும். உண்மையான பீனிச அழற்சியில் பச்சை மஞ்சளாகக் கெட்ட சளி வரும், காய்ச்சல் வரும், மணம் தெரியாமல் போகும், சில வாரங்களில் மாறியும் விடும். இருபது வருடம் இருக்காது.

அப்படியானால் முதல் அறையான மைகிரேனை எப்படி அடையாளம் காண்பது? மருந்து போடாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். இடிக்கும். நடந்தால், படியேறினால், குனிந்து கூட்டினால் கூடும். ஓங்காளம் வரும், சத்தியும் வரலாம், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, இருட்டறையில் போய்ப் படுக்கத் தோன்றும். ஒற்றைத் தலையிடி என்று பெயர் வைத்துவிட்டதால் ஒரு பக்கம்தான் வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டு பக்கமும் வருபவர்கள் ஏராளம். மாதத்தில் 15 நாள் தலையிடி இருந்து, அதில் எட்டு நாளாவது இந்தக் குணங்களோடு இருந்தால் அது நாட்பட்ட மைகிரேன். சிக்கல் என்னவென்றால், நாட்படும்போது இந்தக் குணங்கள் மழுங்கிவிடும். மழுங்கிய பிறகு பார்க்கும் வைத்தியருக்கு அது வெறும் பாரமாகத்தான் தெரியும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இன்றைக்கு எப்படி என்பதல்ல, தொடக்கத்தில் எப்படி என்பது. சின்னம்மாவிடம் கேட்டபோது கதை பள்ளிக்கூடக் காலத்துக்குப் போனது. மாதவிலக்குக்கு முதல்நாள் வரும், சத்தி எடுத்தால் நிற்கும், கர்ப்பமாயிருந்த மாதங்களில் வரவேயில்லை. அவருடைய அம்மாவும் நெற்றியில் பற்றுப் போட்டு, துவாயால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் படுப்பாராம். மைகிரேன் குடும்பச் சொத்து மாதிரி, காணி உறுதி இல்லாமலேயே கைமாறும்.

இரண்டாவது அறையில் இருப்பது நாட்பட்ட இறுக்கத் தலையிடி. தலையைச் சுற்றி யாரோ துவாயால் கட்டி முறுக்கியதைப் போன்ற அழுத்தம், இரண்டு பக்கமும். சத்தி இல்லை, நடந்தால் கூடுவதும் இல்லை, வேலை செய்துகொண்டே அதைச் சுமந்து திரியலாம். பிடரியையும் தோள்மூட்டையும் அழுத்திப் பார்த்தால் தசைகள் கட்டையாக இருக்கும், தொட்டால் நோகும். தையல் மெஷினில் குனிந்திருப்பவர், இரவில் பல்லை நெரிப்பவர், நித்திரை கொள்ளாதவர் என்று இதற்கு ஆட்கள் நிறைய. சித்தாலேப என்ற தைலத்தைப் பூசித் தேய்த்தால் கொஞ்சம் சுகம் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகையில்தான். அந்தத் தேய்ப்பின் கைச்சூட்டுக்கும் அதில் பங்குண்டு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மூன்றாவது வகை அபூர்வமானது, ஆனால் விசித்திரமானது. புதிதாய்த் தொடங்கி விடாமல் நிற்கும் தினசரித் தலையிடி. முன்பு தலையிடி என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கு ஒருநாள் தொடங்கும், 24 மணி நேரத்துக்குள் நிலைத்துவிடும், பிறகு போகாது. வந்த நாளை நோயாளி திகதியோடு சொல்வார் என்பதே இதன் அடையாளம். எங்கள் பகுதியில் திகதிகளால் பேசுபவர்கள் நிறைய உண்டு, இடம்பெயர்ந்த திகதி, முகாமிலிருந்து திரும்பி வந்த திகதி என்று. ஆனால் தலையிடி தொடங்கிய திகதியைச் சொல்பவர் அரிது. அப்படி ஒருவர் சொன்னால் வைத்தியர் நிமிர்ந்து உட்காரவேண்டும். சிலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் இது தொடங்குகிறது, பலருக்குக் காரணம் அகப்படுவதில்லை. வேறு ஆபத்து எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று சோதித்து உறுதி செய்த பிறகுதான் இந்தப் பெயரை வைக்கலாம்.

நான்காவது இன்னும் அபூர்வம். தலையின் ஒரே பக்கத்தில் மாதக்கணக்காக விடாமல் நின்று, இடைக்கிடை உக்கிரமாகி, அந்தப் பக்கக் கண் சிவந்து நீர்வடியும் வகை. 1984இல் நோர்வே நாட்டு ஒற்றார் ஷோஸ்ராட்டும் அவரோடு சேர்ந்தவரும் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இண்டோமெதசின் என்ற பழைய குளிசைக்கு மட்டும் இது முழுதாக அடங்கும். அடங்கினால் இதுதான், அடங்காவிட்டால் இதல்ல. மருந்தே நோயைச் சொல்லிக் கொடுக்கும் இடங்கள் மருத்துவத்தில் அதிகமில்லை.

இந்த நான்கு அறைகளுக்கும் பொதுவான ஒரு கொல்லைப்புறம் இருக்கிறது. சின்னம்மாவின் லாச்சி அங்கேதான் திறக்கிறது.

வலிக்குப் போடும் குளிசையே வலியைத் தரும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் மருந்து மிகைத் தலையிடி என்பது உலகம் முழுதும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும் சாதாரண வருத்தம். தனிப் பரசிற்றமோல், அதாவது பனடோல், இபுபுரூபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கொடீன் கலந்தவை, கபேன் சேர்த்த கலவைக் குளிசைகள், எர்கொட்டமின், டிரிப்டான் வகைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டு வந்தால் இந்த வலைக்குள் விழலாம். வரையறை எண்ணுவது குளிசைகளை அல்ல, நாட்களை. "நான் ஒரு நாளைக்கு ஒண்டுதான்" என்பது இங்கே நல்ல சாட்சி அல்ல. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு முப்பது நாள்.

எப்படி நடக்கிறது? குளிசை இறங்குகிறது, வலி குறைகிறது, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிகிறது. ஏற்கனவே கூச்சல் போடப் பழகிய நரம்புகள் அந்த இடைவெளியில் முன்னைவிடக் கூடுதலாகக் கிளர்கின்றன. தொடர்ந்து வலிக்குளிசை கொடுத்த எலிகளின் முக்கிளை நரம்பில் சி.ஜி.ஆர்.பி. கூடுவதைப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். துருசுக் கதவு இன்னும் தளர்கிறது. விடிய எழும்பும்போதே தலை கனக்கிறது, ஏனென்றால் இரவு முழுதும் மருந்து இல்லை. பிளேன்ரீ குடித்து ஒன்று போட்டால்தான் அடுப்பு மூட்டலாம். அது அடுத்த நாளுக்கான தலையிடியையும் சேர்த்தே மூட்டிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூட்டுவாதத்துக்கு வருடக்கணக்காகத் தினமும் வலிக்குளிசை போடுபவர்களுக்கு, அவர்களிடம் முன்பு தலையிடி இல்லையென்றால், இப்படித் தலையிடி வருவதில்லை. மைகிரேனோ இறுக்கத் தலையிடியோ உள்ள தலைக்குத்தான் வருகிறது. அப்படியானால் குளிசை விஷமல்ல, குறிப்பிட்ட ஒரு வகை நரம்பு மண்டலம் அதற்குக் காட்டும் பதில்தான் வில்லங்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யாத பனடோல் சின்னம்மாவுக்கு ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு விடை இதுதான்.

இந்தக் கதைக்குப் பெரிய முன்னோடி சுவீடனில் இருக்கிறது. ஹுஸ்க்வார்னா என்பது துப்பாக்கித் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1918 இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது அங்கிருந்த வைத்தியர் ஹியோற்றோன், பெனசிற்றின், பெனசோன், கபேன் மூன்றையும் கலந்த தூள் ஒன்றை எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் போனது, தூள் மட்டும் போகவில்லை. தொழிலாளிகள் தலையிடிக்கு என்றும், தெம்புக்கு என்றும், கடைசியில் பழக்கத்துக்கு என்றும் தினமும் அதை விழுங்கினார்கள். வருடங்கள் போக ஊரில் சிறுநீரகம் பழுதாகி இறப்பவர்கள் கூடினார்கள். சுவிற்சர்லாந்தின் கைக்கடிகாரத் தொழிலாளர்களிடையிலும் இதேபோல் பெனசிற்றின் பழக்கம் இருந்தது. 1953இல் அந்நாட்டு வைத்தியர்களான ஸ்பூலரும் சொலிங்கரும் வலிமருந்துகளையும் சிறுநீரகச் சிதைவையும் இணைத்து எழுதினார்கள். பெனசிற்றினைப் பின்னர் பல நாடுகள் தடை செய்தன. நாம் போடும் பரசிற்றமோல், பெனசிற்றின் உடலுக்குள் மாறி உருவாகும் பொருள்தான். அளவோடு போட்டால் அதற்கு அந்தப் பொல்லாத குணம் இல்லை.

ஆனால் டைக்ளோபெனக், இபுபுரூபன், மெபெனமிக் அசிற் போன்றவை அப்படியல்ல. வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்றுவரை முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. வயலில் வெயிலில் நிற்பவர், தண்ணீர் போதாமல் குடிப்பவர், நோவுக்கு என்று இந்தக் குளிசைகளைத் தொடர்ந்து போடுபவர், இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் அவருடைய சிறுநீரகத்துக்கு அது பெரிய சுமை. பரசிற்றமோலும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டைத் தாண்டினால், ஈரலைத் தாக்கும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கு முன்னரே.

புளியங்குளத்தைப் பற்றிப் பேசிவிட்டு யுத்தத்தைத் தொடாமல் போகமுடியாது. 1997 மே 13இல் இலங்கை இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபின் மாதக்கணக்காகச் சண்டை நடந்த சந்தி இது. தலையில் அடிபட்டு ஏழு நாளுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தலையிடிக்குக் காயத்துக்குப் பின்னான தலையிடி என்று தனிப் பெயர் உண்டு. வெளியில் காயமே தெரியாமல் ஷெல் அதிர்வு மட்டும் பட்டவருக்கும் அது வரும். பெரும்பாலும் அது மைகிரேனின் வேஷத்தில்தான் வருகிறது, மருந்தும் கிட்டத்தட்ட அதே.

எங்கள் வன்னியைப் போல யுத்தம் நடந்த இடங்களுக்கே உரிய ஒரு வில்லங்கம் இதில் இருக்கிறது. தலைக்குள்ளோ முகத்திலோ ஷெல் பீஸ் இன்னமும் இருப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் நகரலாம், சூடாகலாம், கண்ணுக்கோ மூளைக்கோ பக்கத்தில் இருந்தால் பெரிய ஆபத்து. "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்கும்போது, பல் கட்டினதைச் சொல்பவர் பீஸைச் சொல்ல மறந்துவிடுவார், அவருக்கு அது உடம்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சி.ரி. ஸ்கானுக்கு இந்தத் தடை இல்லை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் 1994இல் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் எழுதிய ஆய்வில், போர் நடுவே வாழ்ந்த மக்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது உடல்வழி வெளிப்படும் நோவுகளே என்று பதிந்தார்கள். இதைத் தவறாக வாசித்து, "எல்லாம் மனசுதான்" என்று நோயாளியை அனுப்பிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நித்திரையில் திடுக்கிட்டு எழும்பும் மூளையும், வலியின் துருசைக் காக்கும் மூளையும் ஒன்றே. பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் வேலை செய்யும் அதே நரம்புக் கூட்டங்கள்தான் வலிக்கதவையும் பார்த்துக்கொள்கின்றன. இருபது வருடம் ஒழுங்காக நித்திரை கொள்ளாத ஒருவருக்குத் தலையிடிக்கிறது என்றால் அது கற்பனை அல்ல, தேய்மானம்.

சின்னம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது டிசம்பரில். கலண்டர் தாளைக் கிழித்துக் கையில் மடித்து எடுத்துக்கொண்டோம். வைத்தியர் பிறஷர் பார்த்தார், கை கால்களைச் சுத்தியலால் தட்டினார், ஒரு சின்ன லைற் வைத்த கருவியால் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். ஸ்கானுக்கு எழுதவில்லை. சின்னம்மாவுக்குக் கோபம். "இவ்வளவு வருசத்துத் தலையிடிக்கு ஒரு படம் எடுக்கேலாதோ?" பஸ்ஸில் நான் விளக்கவேண்டியதாயிற்று. கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு வந்து சேரும் வட்டம் ஒன்று இருக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அது வீங்கும். கட்டியால் அழுத்தம் கூடினாலும், கட்டியே இல்லாமல் மண்டைநீர் அழுத்தம் மட்டும் கூடினாலும், அந்த வட்டம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பின்னது கூடுதலாக உடல் பருத்த இளம் பெண்களில் வருவது. அந்தச் சின்ன லைற்றில் வைத்தியர் பார்த்தது ஒரு ஜன்னல் வழியாக மூளையைத்தான்.

படம் எடுத்தே ஆகவேண்டிய, அதுவும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய தலையிடிகள் வேறு. வெடித்தது போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கை கால் இழுப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு வருவது. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் புதிதாகத் தொடங்குவது, அது மூளை நாளத்தில் இரத்தம் கட்டியதாக இருக்கலாம். வயதானவர் வழுக்கி விழுந்து சில கிழமைக்குப் பின் தலை கனப்பது, மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தமாக இருக்கலாம். இருமினால், குனிந்தால், விடிய எழும்பினால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வருவது, அதிலும் நெற்றிப்பொட்டில் நோவும், சோறு மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்தால் பார்வையே போகக்கூடும், ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. இருபது வருடமாக ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும் தலையிடிக்கு ஸ்கான் காட்டுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதைத்தான்.

வைத்தியர் கலண்டர் தாளை விரித்துக் கோடுகளை எண்ணினார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். பனடோலை ஒரேயடியாக நிறுத்துவது, இரவில் அமிற்றிரிப்டிலின் 10 மில்லிகிராம். அமிற்றிரிப்டிலின் மனச்சோர்வுக்கு என்று வந்த பழைய மருந்து. சின்ன அளவில் கொடுத்தால் வலியின் துருசை இறுக்குகிறது, நித்திரையையும் தருகிறது, நாட்பட்ட மைகிரேன், இறுக்கத் தலையிடி இரண்டுக்கும் பயன்படும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், வேலை செய்யத் தொடங்க மூன்று நான்கு கிழமை பிடிக்கும். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு புரோப்ரனோலோல் கொடுப்பார்கள். வல்புரோவேற் என்ற இன்னொன்று கருவைப் பாதிக்கும் என்பதால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. இவையெல்லாம் தினமும் போடவேண்டியவை, வலி வரும்போது மட்டும் போட்டால் பலனில்லை. எங்கள் சனம் இதைத் தலைகீழாகச் செய்யும். வலிக்குளிசையைத் தினமும் போடும், தடுப்புக் குளிசையை வலி வந்த நாளில் மட்டும் போடும்.

பனடோல் வகையை ஒரேயடியாக நிறுத்தலாம். கொடீன் போன்றவற்றையும் நித்திரைக் குளிசைகளையும் அப்படி நிறுத்தக்கூடாது, வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான். நிறுத்திய பின் வரும் இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை தலையிடி கூடும். இது எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லப்படவேண்டும், சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மருந்து சரியில்லை என்று லாச்சி திறக்கும். சின்னம்மாவுக்கும் அப்படித்தான். நாலாம் நாள் இரவு எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, உன்ர டொக்டர் என்னைக் கொல்லப் பாக்கிறான்." தேத்தண்ணியை எத்தனை தரம் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏழு தரம் குடித்தவர், பத்தியம் என்று நினைத்து அதையும் சேர்த்து நிறுத்தியிருந்தார். கபேன் பழகிய உடம்பு அதை விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலையிடி தொடங்கும். இரண்டு யுத்தத்தை ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தார் மனுசி. தேத்தண்ணியைக் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று திரும்பத் தொடங்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை விரதத்தில் மத்தியானம் வரை பட்டினி கிடப்பதை விட்டு, பாலும் பழமுமாவது எடுக்கச் சொன்னபோதுதான் சண்டை வந்தது. கடைசியில் பழத்துக்கு மட்டும் சம்மதித்தார்.

சின்னம்மா பழைய வேதுபிடிப்பையும் விடவில்லை. நொச்சியிலை அவித்து வேது பிடிப்பது, நெற்றிக்குச் சித்தாலேப, குளிர்ந்த துவாய், எல்லாம் தொடர்ந்தன. நான் தடுக்கவில்லை. இவற்றில் எதுவும் நரம்பைக் கூடுதலாகப் பழுதாக்குவதில்லை, லாச்சியிலிருந்து கையை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கவும் உதவியது.

ஜனவரிக் கலண்டரில் 14 புள்ளி. கோடு 5. பெப்ரவரியில் 9 புள்ளி. மார்ச்சில் போய்ப் பார்த்தபோது கலண்டரில் ஆறாம் திகதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, பால் கணக்கு மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தது. தலையிடியே வரவில்லையா, அல்லது எழுதாமல் விட்டீர்களா என்று கேட்டேன்.

"வந்ததோ என்னவோ தெரியாது தம்பி, எழுத மறந்துபோனன்" என்றார். "நோகாத நாளில ஆர் உதைப் பாக்கிறது?"

அந்த மாதத்துக் கணக்கு என்னிடம் இல்லை.